முதல் மலையைச் செதுக்குவது எப்படி: மரக்கட்டை அச்சுக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு

மரக்கட்டை அச்சு, அதாவது பலகையில் படத்தைச் செதுக்கி, வண்ணம் தடவி, அதைத் தாளில் எடுக்கும் கலை. அதைக் கற்க வேண்டும் என்று கோத்தகிரிக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது உளியைப் பற்றித்தான். எந்த உளி, எங்கே கிடைக்கும், என்ன விலை. அதைச் சொல்லிவிடலாம், சிரமம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக இதையே செய்து, கெட்டுப்போன தாள்களைக் கட்டுக்கட்டாக அடுப்பில் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது ஈரம். மரத்தில் இருக்கும் ஈரம், தாளில் இருக்கும் ஈரம், அன்றைக்குக் காற்றில் இருக்கும் ஈரம். மலை ஊரில் அந்த மூன்றாவது ஈரம் ஒரே நாளில் நாலு தடவை மாறும். காலையில் வெயில், பத்து மணிக்கு மூடுபனி, மதியம் காற்று, சாயங்காலம் தூறல். உளி பிடிக்க ஒரு மாதத்தில் வந்துவிடும். ஈரம் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பக்கமே கொஞ்சம் அதிகமாகச் சாய்வேன்.

நான் செய்வது ஜப்பானிய முறை. தண்ணீரில் கரையும் வண்ணம், அரிசிப் பசை, நனைத்த தாள், கையால் தேய்த்து எடுக்கும் அச்சு. மெஷின் கிடையாது. எண்ணெய் மையை ரோலரில் உருட்டி பிரஸ்ஸில் கொடுத்து எடுக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் சான்டா ஃபே என்ற மலை ஊரில் 1918-இல் குடியேறி 1971 வரை அங்கேயே வாழ்ந்த குஸ்டாவ் பாமன் அப்படித்தான் செய்தார். அவருடைய பாறைகளையும் மஞ்சள் மரங்களையும் பார்த்தால் அந்த முறையைக் குறை சொல்ல வாய் வராது. இருந்தாலும் மூடுபனி வேண்டுமென்றால் நீர் வண்ணம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம், பிரஸ் வாங்கக் காசு வேண்டும், அதை மலைமேல் ஏற்ற லாரி வேண்டும்.

இந்த முறையில் மலையை எப்படிக் காட்டுவது என்று கற்க ஒரே ஓர் ஆளைப் பார்க்கலாம் என்றால் நான் ஹிரோஷி யோஷிதாவைத்தான் சொல்வேன். 1876-இல் பிறந்து 1950-இல் இறந்தவர். நிஜமாகவே மலை ஏறியவர். ஹொதாகா என்ற சிகரத்தின் மேல் இருந்த பிரியத்தில் இரண்டாவது மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தவர். 1926-இல் அவர் வெளியிட்ட ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைக்காட்சிகள் பன்னிரண்டையும் இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் படம்

அஞ்சலட்டை அளவுக்கு மேல் போகாதீர்கள். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பெரிய பலகையோடு வருகிறார்கள். எல்லோரும் பாதியில் விடுகிறார்கள்.

காலை ஆறு மணிக்கு மலைக்கு எதிரே நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இலை, கிளை எல்லாம் மறைந்து நாலைந்து திட்டுகள்தான் மிஞ்சும். வானம், தூரத்து மலை, நடு மலை, பக்கத்து மலை, காலடியில் ஒரு மரம். அந்தத் திட்டுகள்தான் உங்கள் கட்டைகள், ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. ஐந்துக்கு மேல் தெரிந்தால் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். முதல் படத்துக்கு மூன்று போதும்.

அடுத்து, எதை அச்சடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்யுங்கள். பனிமலை வரைகிறவருக்குப் பனி என்பது வெறும் தாள்தான். வெள்ளை மை என்று ஒன்றும் இல்லை. நம் ஊர் மூடுபனியும் அப்படியே, வண்ணம் படாமல் விட்ட இடம். யோஷிதாவின் அந்த வரிசையில் சுருகி மலையின் விடியற்காலை ஒன்று உண்டு. முன்னால் கூடாரங்கள் இன்னும் இருட்டுக்குள் இருக்கும், பின்னால் சிகரத்தில் மட்டும் வெயில் விழுந்திருக்கும். மலைக்குச் சுற்றுக்கோடு எங்கே என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம்தான் கோடு. எல்லாவற்றுக்கும் கறுப்பில் கரை கட்டினால் மலை அட்டையில் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கும்.

இன்னொன்று, அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும். என்னுடைய முதல் அச்சு ரங்கசாமி மலையும் பக்கத்தில் நிற்கும் தூணும். செதுக்கி, அச்செடுத்து, பெருமையாக டீக்கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. தூணு எதுக்குங்க இந்தப் பக்கம் வந்துருச்சு?" என்றார். நாற்பது வருடமாகத் தினமும் அந்த மலையைப் பார்த்து டீ ஆற்றுகிறவரை ஏமாற்ற முடியுமா? ஆகவே படத்தை டிரேசிங் பேப்பரில் எடுத்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் கார்பன் வைத்துப் பலகைக்கு மாற்றுங்கள். பலகையில் தப்பாகத் தெரிந்தால் தாளில் சரியாக வரும்.

மரம்

ஜப்பானியர்களுக்குக் காட்டுச் செர்ரி மரம். கெட்டியானது, நயமான இழை, மெல்லிய வரியும் உடையாமல் நிற்கும். நமக்கு அது கிடைக்காது, முதல் வருடம் தேவையும் இல்லை. மர டிப்போவில் குமிழ் மரம் கேட்டுப் பாருங்கள். மிருதுவாக வெட்டுப்படும், காய்ந்த பிறகு அதிகம் வளையாது. மஞ்சக்கடம்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள், இழை சீராக இருக்கும். தேக்கு வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல மரம்தான், ஆனால் அதன் துளைகள் நீர் வண்ணத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மலையில் எங்கே பார்த்தாலும் நிற்கும் சில்வர் ஓக்கை நானும் முயன்று பார்த்தேன். வானத்துக்கு அந்த ரேகை அழகு, கோடு மட்டும் பிய்த்துக்கொண்டு போகும்.

பலகை நீளவாக்கில் அறுத்ததாக இருக்க வேண்டும். அதாவது மேசைப் பலகை மாதிரி இழை முகத்தில் ஓட வேண்டும். குறுக்கே அறுத்த முகத்தில் செய்வது வேறு கலை, அதற்குக் கருவியும் வேறு. பழகுவதற்கு மேல்தோல் நன்றாக இருக்கும் பிளைவுட்டும் போதும். எம்.டி.எஃப். பலகை எண்ணெய் மைக்குச் சரி. தண்ணீர் பட்டால் ஊறின பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். நான் சொல்லியும் கேட்காமல் அதையே வாங்கி வந்தவர்கள் உண்டு.

வாங்கிய பலகையை உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு மாதம் விடுங்கள். சமவெளியில் காய்ந்த மரம் மலைக்கு வந்ததும் ஈரத்தை உறிஞ்சி முதுகு வளைக்கும். சுவரில் சாய்க்காமல், நடுவில் சின்னச் சின்னக் கட்டைகள் கொடுத்து அடுக்கி மேலே கனம் வையுங்கள். ஜப்பானில் முக்கியமான கட்டைகளின் இரு முனையிலும் குறுக்குச் சட்டம் பொருத்திவிடுவார்கள், வளையாமல் இருக்க. ஆசாரியிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. ஒரு பலகையின் இரண்டு முகத்தையும் செதுக்கலாம், பாதிக் காசு மிச்சம்.

கருவிகள்

ஒரு சாய்முனைக் கத்தி, இரண்டு அரைவட்ட உளிகள் (மூன்று மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்), ஒரு சின்னத் தட்டை உளி. இவ்வளவுதான். பன்னிரண்டு உளி உள்ள பெட்டி வாங்காதீர்கள், அதில் எட்டு துருப்பிடிக்கும். பெரிய இடத்தைக் காலி செய்ய ஆசாரியின் அகல உளியும் கொட்டாப்புளியும் போதும். பணத்தைச் சாணைக்கல்லில் போடுங்கள். மொண்ணை உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கின இழை தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும், உங்கள் கோடு தாடி வளர்த்தது மாதிரி அச்சாகும். செதுக்க உட்கார்ந்தால் கால் மணிக்கு ஒருமுறை தோல்வாரில் நாலு இழுப்பு.

இடக்கை எப்போதும் உளிக்குப் பின்னால். மேசை ஓரத்தில் மாட்டும் ஒரு தடுப்புப் பலகை செய்துகொண்டால் கட்டையைக் கையால் பிடிக்கவே வேண்டாம். என் கட்டைவிரலில் இருக்கும் நாலு தையல் அந்தப் பலகை செய்வதற்கு முந்தைய வாரத்தைச் சேர்ந்தது.

செதுக்குவது

கோட்டை ஒட்டிக் கத்தியைப் பிடிக்கும்போது, முனை கோட்டிலிருந்து விலகி வெளியே போகும்படி சாய்த்து இழுங்கள். அப்புறம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி எதிர்ச்சாய்வில் இன்னொரு வெட்டு. நடுவில் ஒரு மெல்லிய சிம்பு சுருண்டு வெளியே வரும். கோட்டின் குறுக்குவெட்டைப் பார்த்தால் மலை மாதிரி இருக்க வேண்டும், உச்சி குறுகலாக, அடி அகலமாக. நேர்க்குத்தாகவோ உள்வாங்கியோ வெட்டினால் இருபதாவது அச்சில் கோடு முறிந்துவிடும்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஆழம் அதிகம் வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் போதும். பரந்த வெற்றிடம் இன்னும் ஆழமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஈரத் தாள் நடுவில் தொய்ந்து அடியைத் தொட்டுவிடும்.

இப்போது ரிஜிஸ்டர். சிவகாசி அச்சகத்தில் சொல்கிற அதே சொல்தான், அதே தலைவலிதான். ஒவ்வொரு நிறமும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். ஜப்பானியர் இதற்குக் கண்டுபிடித்தது கென்தோ. பலகையின் வலது கீழ் மூலையில் தாளின் மூலை உட்காரும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம், அதே கீழ் ஓரத்தில் இடப்பக்கம் தள்ளி இன்னொரு நேர்க்கோட்டுப் பள்ளம். ஆழம் தாளின் தடிமன்தான், அதற்கு மேல் இல்லை. எல்லாக் கட்டையிலும் இவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் தாளும் ஒரே இடத்தில் உட்காரும்.

ஒரே இடத்தில் கொண்டுவர ஒரு வழி. கோடுகள் உள்ள முதல் கட்டையைச் செதுக்கியதும் படத்தோடு சேர்த்து அந்த இரண்டு குறிகளுக்கும் மை தடவி, மெல்லிய தாளில் அச்செடுங்கள். எத்தனை நிறமோ அத்தனை தாள். ஒவ்வொன்றையும் அடுத்த பலகையில் முகம் கீழாகப் பசையிட்டு ஒட்டி, காய்ந்ததும் தாளின் முதுகை விரலால் தேய்த்து மெலிதாக்கினால் கோடு தெரியும். அந்த நிறத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்குங்கள், குறிகளையும் சேர்த்து. அளவுகோல் வைத்து அளந்து செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மரம் அளவுகோலை மதிக்காது.

தாளும் ஈரமும்

ஜப்பானில் கோஸோ என்ற செடியின் பட்டையில் செய்த தாள். நீளமான நார், முப்பது தடவை தேய்த்தாலும் கிழியாது. தபாலில் வரவழைக்கலாம், விலை கடிக்கும். பழகுவதற்கு நேபாளத்து லோக்தா காகிதம் நல்லது. புதுச்சேரியில் கையால் செய்யும் பருத்திக் காகிதத்தில் மெல்லியதாக இருப்பதும் ஓரளவு ஒத்துழைக்கும். பிரிண்டர் காகிதம் நனைத்தால் கூழ்.

அச்செடுப்பதற்கு முந்தைய சாயங்காலம் தாளை நனைக்க வேண்டும். இருபது அச்சு வேண்டுமென்றால் இருபத்தெட்டு தாள் வெட்டுங்கள், எட்டு போய்விடும். அகலத் தூரிகையால் ஒன்று விட்டு ஒரு தாளில் தண்ணீர் தடவி அடுக்கி, மேலும் கீழும் ஈரச் செய்தித்தாள் வைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒரு பலகையும் அம்மிக்குழவியும் மேலே. காலையில் எடுத்தால் ஈரம் எல்லாத் தாளுக்கும் ஒன்றுபோலப் பரவியிருக்கும். சரியான பதமா என்று பார்க்க ஒரு தாளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர வேண்டும், நனைக்கக் கூடாது. தண்ணீர் மினுங்கினால் அதிகம், ஓரம் சுருண்டால் குறைவு. இதற்குக் கருவி எதுவும் எனக்குத் தெரியவில்லை, கன்னம்தான்.

கோத்தகிரியில் பிப்ரவரி மாதக் காற்று இருக்கிறதே, அது தனி. முதல் நிறம் இருபது தாளுக்கும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். தாள் அடுக்கை மூட மறந்துவிட்டேன். வந்து இரண்டாவது நிறம் போட்டால், பாதித் தாளில் மலைக்கும் வானத்துக்கும் நடுவே நூல் அளவு வெள்ளைக்கோடு. கட்டை நகரவில்லை, கை நகரவில்லை. தாள் உலர்ந்து ஒரு மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. அவ்வளவு போதும். அன்றிலிருந்து வேலை முடியும்வரை எடுத்த தாளும் எடுக்காத தாளும் பிளாஸ்டிக்கின் கீழேதான் இருக்கும், ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். வறண்ட நாளில் அறையில் ஒரு சட்டி வெந்நீர் வைப்பேன்.

நவம்பரில் இதற்கு நேர்மாறு. மழை நின்றாலும் சுவர் வேர்க்கும், அடுக்கிவைத்த தாளில் மூன்றாவது நாள் சாம்பல் நிறப் பூஞ்சணம். அதனால் மழைக்காலத்தில் தொடங்கிய வேலையை இரண்டு நாளில் முடியுங்கள். முடியாவிட்டால் ஈரத் தாள் அடுக்கு அப்படியே பிளாஸ்டிக்கோடு ஃபிரீசருக்குள் போகட்டும். வீட்டில் உள்ளவர்கள் மீனுக்குப் பக்கத்தில் மலையா என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் இருப்பது நல்லது.

அச்செடுப்பது

பசைக்கு ஒரு ஸ்பூன் நைசான அரிசி மாவு, ஆறு ஸ்பூன் தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, துணியில் வடிகட்டுங்கள். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும். வண்ணத்துக்குக் குழாயில் வரும் நல்ல நீர்வண்ணமோ, கூவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணமோ போதும். புரூஷியன் நீலத்தை மட்டும் சொட்டு நீலம் போடுவது மாதிரி கொஞ்சமாக எடுங்கள், அது எல்லா நிறத்தையும் விழுங்கும்.

கட்டையை ஈரத் துணியால் துடைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். வறண்ட மரம் வண்ணத்தைக் குடித்துவிடும், முதல் ஐந்து அச்சு வெளிறித்தான் வரும். பிறகு கட்டையில் வண்ணம் இரண்டு மூன்று சொட்டு, பக்கத்தில் மிளகு அளவு பசை. குட்டை மயிர்த் தூரிகையால் வட்டமாகத் தேய்த்துக் கலந்து, கடைசியில் இழை ஓடும் திசையில் நாலு வீச்சு. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள், கட்டை மெலிதாக மினுங்க வேண்டும். எங்காவது குட்டை கட்டி நின்றால் அதிகம்.

இப்போது தாளை இரு கையாலும் எடுத்து, வலது மூலையை முதலில் பள்ளத்தில் உட்கார வையுங்கள். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இடப்பக்க ஓரத்தை நேர்ப்பள்ளத்தில் தொடவிடுங்கள். தொட்டதும் மீதித் தாளைத் தானாக விழ விடுங்கள். இழுக்காதீர்கள், தடவாதீர்கள். விழுந்த தாளைத் திருத்த முயன்றால் இரட்டை மலை.

தேய்ப்பதற்கு பாரென் என்ற வட்டு. உள்ளே முறுக்கின மூங்கில் நாரைச் சுருளாகச் சுற்றி, மேலே மூங்கில் குருத்தை மூடியிருக்கும் உறையைப் போர்த்தி, பின்பக்கம் முடிச்சுப் போட்டுப் பிடியாக்குவார்கள். நல்ல பாரெனின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான் மூன்று வருடம் ஓட்டியது பிளைவுட் வட்டில் மெல்லிய பருத்திக் கயிற்றைச் சுருளாக ஒட்டி, நம் ஊர் மூங்கில் உறையை நனைத்துக் கட்டினது. பாக்குமட்டையிலும் செய்து பார்த்தேன், அதன் வரி தாளைக் கீறிவிட்டது. பாரெனின் முகத்தில் துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கை பலத்தால் அல்லாமல் உடம்பின் கனத்தால் தேய்க்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இது எளிது. தாளை ஒரு மூலையிலிருந்து தோலுரிப்பது மாதிரி எடுங்கள்.

நிறம் எள் தூவின மாதிரிப் புள்ளியாக வந்தால் பசை போதவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை. ஜப்பானியரும் அதை எள் அச்சு என்றுதான் சொல்கிறார்கள், பாறைக்கு வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஓரத்தில் வண்ணம் கரைகட்டி நின்றால் தண்ணீர் அதிகம். தாள் கட்டையில் ஒட்டிக்கொண்டால் பசை அதிகம்.

வெளிர் நிறம் முதலில், அழுத்தமானது கடைசியில்.

மூடுபனி

இதற்காகத்தான் இவ்வளவு பாடும். பொகாஷி என்பார்கள், ஒரே கட்டையில் நிறம் அழுத்தத்தில் தொடங்கி ஒன்றும் இல்லாமல் கரைந்துபோவது. கட்டையின் எந்தப் பக்கம் கரைய வேண்டுமோ அந்தப் பக்கத்தில் ஈரத் துணியால் ஓர் இழுப்பு. அகலத் தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் வண்ணம், மறு மூலையில் வெறும் தண்ணீர். வண்ண மூலையை மலை உச்சி ஓரத்தில் வைத்து இடவலமாக இழுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குங்கள். பிசுக்கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் சீராக இருந்தால் கரைசலும் சீராக இருக்கும். வானத்துக்கு மேலே அழுத்தம், அடிவானில் கரைசல். மலைக்கும் அப்படித்தான், உச்சி அழுத்தம், அடிவாரம் கரைசல். ஒவ்வொரு மலையின் அடிவாரமும் தாளின் வெண்மையில் கரைந்து, அதன் முன்னால் அடுத்த மலையின் உச்சி கூர்மையாக எழுந்தால், நடுவில் பனி தானாக வந்து நிற்கும். நீங்கள் பனியைச் செதுக்கவே இல்லை.

ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். இருபது தாள் என்றால் இருபது தடவை. ஒன்றுபோல் ஒன்று வராது. முதல் வருடம் அதற்காக அழுதேன், இப்போது அதைச் சொல்லியே விற்கிறேன்.

யோஷிதாவிடம் திருடிக்கொள்ள வேண்டிய இன்னொரு வித்தை எலிக்கட்டை. நெஸுமி என்றால் ஜப்பானிய மொழியில் எலி, எலியின் நிறம் சாம்பல். நிழல் விழும் இடங்களுக்கெல்லாம் ஒரு வெளிர் சாம்பல் கட்டை, அதன்மேல் பச்சையோ நீலமோ. நிறம் அடங்கி, ஆழம் வந்துவிடும். அவருடைய அச்சுகளில் முப்பதுக்கு மேல் தடவை தாள் கட்டையில் படுவது சாதாரணம், அதில் கணிசமானவை இந்தச் சாம்பல்தான். உங்களுக்கு ஒன்று போதும்.

கட்டைகள் தயாரானதும் ஒரே வேளைக்கு அவற்றை வீணாக்காதீர்கள். 1925-இல் யோஷிதா மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் பகலிலும் இரவிலுமாக இரண்டு அச்சு செய்தார். படகு வரிசையில் ஒரே கட்டைகளைக் கொண்டு காலை, மாலை, மூடுபனி, இரவு என்று நிறத்தை மட்டும் மாற்றினார். 1930-இல் தொடங்கிய இந்தியப் பயணத்தில் டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவைக் காலையும் பிற்பகலும் செய்தார். அதே பயணத்தின் அச்சுகளில் மதுரைக் கோவிலும் ஒன்று. மலை மனிதர் கோவிலின் இருட்டுக்குள் எப்படி வெளிச்சம் விட்டார் என்று ஒருநாள் தேடிப் பாருங்கள்.

பிழைப்பு

இதில் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, மெதுவாகக் கிடைக்கும். யோஷிதா அச்சுக்கு வந்ததே 44 வயதில், 1920-இல், அதுவும் வாதானபே என்ற பதிப்பாளருக்காக. அங்கே வழக்கம் என்னவென்றால் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்செடுப்பவர் ஒருவர், காசு போடுபவர் பதிப்பாளர். 1923 நிலநடுக்கத் தீயில் அந்தக் கட்டைகள் போயின. விற்பதற்கு அமெரிக்கா போனவர் அங்கே மரக்கட்டை அச்சுக்கு இருந்த மவுசைப் பார்த்துவிட்டு, 1925-இல் சொந்தப் பட்டறை போட்டார். செதுக்குகிறவர்களையும் அச்செடுப்பவர்களையும் தன் கண் முன்னே வைத்து வேலை வாங்கினார், தானும் உளி பிடித்தார். தன் மேற்பார்வையில் எடுத்த தாளின் ஓரத்தில் 'ஜிஸூரி', அதாவது தானே அச்சிட்டது என்ற முத்திரை வைத்தார். இன்றைக்கும் அவருடைய அச்சை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்த முத்திரையையும் பென்சில் கையெழுத்தையும்தான்.

கனடாவின் ராக்கி மலைகளை அச்சாக்கிய வால்டர் ஃபிலிப்ஸ் கதை வேறு. இங்கிலாந்தில் பிறந்து 1913-இல் வினிபெக் போய்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1917-இல் கையைச் சுட்டுக்கொண்டு தானாகவே வண்ண மரக்கட்டை அச்சு பழகினார். பின்னாளில் இங்கிலாந்து போனபோது உருஷிபாரா என்ற ஜப்பானிய அச்சாளரைப் பார்த்துத்தான் தாளைப் பக்குவப்படுத்தும் நுணுக்கம் பிடிபட்டது. பாருங்கள், அவருக்கும் தாள்தான் தகராறு. 1940 முதல் பான்ஃப் மலை ஊரில் கற்பித்தார். அங்குள்ள கலைக்கூடம் ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

இரண்டு பேரிடமும் நான் எடுத்துக்கொண்டது: கற்பிக்கும் வருமானத்தைக் கேவலமாக நினைக்காதே, தாளில் உன் கையெழுத்தைச் சும்மா போடாதே. என் வருடத்தில் ஏப்ரல், மே சீசனில் விற்பனை, மழையில் செதுக்கல், நடுவில் மாதம் ஒரு வாரக்கடைசி வகுப்பு. அஞ்சலட்டை அளவு அச்சுதான் மளிகைக் கடனை அடைக்கிறது, பெரிய அச்சு வருடத்துக்கு நாலைந்து போகும்.

எத்தனை பிரதி என்று தொடங்கும்போதே தீர்மானித்து, கீழே பென்சிலில் 5/20 என்று எழுதுங்கள். இருபதில் ஐந்தாவது என்று பொருள். இருபது முடிந்தால் முடிந்ததுதான், இன்னும் ஆள் கேட்கிறார்கள் என்று இருபத்தொன்றாவதை எடுத்தால் ஊரில் பெயர் போய்விடும். விலைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு, கெட்ட தாளையும் சேர்த்துச் செலவைக் கூட்டி, கொத்தனாருக்கு உங்கள் ஊரில் என்ன நாள் கூலியோ அதை உங்களுக்கும் போட்டு, பிரதிகளால் வகுப்பது. அதற்குக் கீழே விற்காதீர்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வடக்கே சாந்திநிகேதனின் கலாபவனமும் பரோடாவும் அச்சுக்கலைக்குப் பெயர்போனவை. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுப் பட்டறை உண்டு, போய்ப் பாருங்கள். ஹரேன் தாஸின் (1921–1993) வங்காளக் கிராமத்து மரச்செதுக்கு அச்சுகளை எங்காவது கண்காட்சியில் நேரில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அச்சை ஃபோனில் பார்ப்பது சாப்பாட்டை மெனுவில் படிப்பது மாதிரி.

கடைசியாக, சட்டம் போடும் கடை. அரிசிப் பசை பட்ட தாள் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து, அதனால் என் பசையில் இப்போது ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுகிறேன். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவே அட்டை மவுண்ட் வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழைக்கே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, தாளை முழுசாக ஃபெவிகாலில் ஒட்டக் கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு சின்னத் தாள்பட்டை போதும். இதை வாயால் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. எனக்கு ஒருதடவை ஆறு அச்சு பலகையோடு பலகையாக ஒட்டித் திரும்பி வந்தது, "கெட்டியா இருக்கட்டும்னு போட்டேங்க" என்று. அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.